இருந்த இடத்திலிருந்தே

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி நடத்தும் கொளஞ்சிநாதனுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. வெளி ஹாலில் இருக்கும் பெரிய மானிட்டரை ஏசி ரூமிலிருந்தே ஆட்டிவைக்க, அவர் கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அனுப்பும் சீரியல் கேபிள் இழுத்திருந்தார்கள். ஒரு நம்பருக்கு ஒரு படம்; படம் மாற்றுவது, சத்தம் கூட்டுவது எல்லாம் இனி அவர் விரலில்.

"திட்டக்குடி கடைக்காரங்க வந்துட்டாங்க சார். சூளை வீடியோவப் போடுங்க" என்றாள் ஆபீஸ் பெண் மெர்சி.

அவர் இரண்டாம் நம்பரை அழுத்தினார். 'ஓகே' என்று மானிட்டர் பதில் அனுப்பியது.

"சார், ரெண்டு வந்து..."

"எனக்கே சொல்லித் தரியா? வாய மூடு."

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். கடைக்காரர்கள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார்கள்.

"பாரு, எப்பிடி வாயப் பொளக்குறானுங்க! வெளியூரு கப்புல நம்ம லேபிள ஒட்டிக் குடுத்தா, இந்த மாங்கா மடையனுங்களுக்கு என்னா தெரியப்போவுது? இரு, சவுண்டையும் கூட்டுறேன். நல்லாக் கேக்கட்டும்."

முழுசாகக் கூட்டினார்.

கதவைத் திறந்து ஒரு கடைக்காரர் தலையை நீட்டினார்.

"ஒங்க ரூம் கேமராதாங்க டீவியில ஓடுது. லேபிளு வரைக்கும் கேட்டாச்சி, சவுண்டக் கொறைச்சிக்கிங்க."