அப்பாவின் ரிவால்வர்

துப்பாக்கிக் கடையின் மேசைமேல் மாலை வெயில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. அதன் நடுவில் அப்பாவின் பழைய ரிவால்வர். குண்டு இல்லையென்று பார்த்துவிட்டுக் கடைக்காரர் உருளையை விரலால் சுழற்றுகிறார். தண்ணீருக்கடியில் யாரோ எண்ணுவதுபோல் அது கிளிக், கிளிக் என்று மெல்ல அடங்குகிறது. பூதக்கண்ணாடியை வைத்து, உருளையில் பொறித்த எண்ணையும் பிடிக்கு அடியில் உள்ள எண்ணையும் ஒப்பிடுகிறார். “ரெண்டும் ஒண்ணுதான். எதையும் மாத்தல,” என்கிறார். எதிரே அண்ணனோடு நிற்கும் தங்கைக்கு மூச்சு வருகிறது. இது நல்ல விலைக்குப் போனால்தான் அண்ணன் தையல் கடை வைக்க முடியும். விற்கப்போகும் பொருள் அழுக்காக இருக்கலாமா என்று நேற்றெல்லாம் உட்கார்ந்து அவள்தான் பாலிஷ் போட்டுத் தேய்த்தாள். குழல் இப்போது மீன் வயிறுபோல் வெளுத்து மின்னுகிறது. கடைக்காரர் அதைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார். “அடப்பாவமே, கருநீல மெருகு இருந்திருக்குமே, அதைத் தேய்ச்சு எடுத்த புண்ணியவான் யாரு? அதுக்குத்தானே விலையே! இனி பாதிகூடத் தேறாது.” வெயிலில் தூசி மிதக்கிறது. தங்கை வாய் திறப்பதற்குள், “நான்தாங்க,” என்கிறான் அண்ணன். “கை சும்மா இருக்கல.” பாலிஷ் படிந்து கறுத்த அவளுடைய நகங்களைப் பார்த்துக்கொண்டே, “உங்க கையைக் கட்டிப் போடணும் தம்பி,” என்று கடைக்காரர் அண்ணனைத் திட்டுகிறார்.