கல்லில் கடல் உண்டா?

"முகத்தைப் பாத்தாலே தெரியுதே, சமுத்திரம்! மெஷின் உன்னைக் கவுத்துடுச்சா?"

ஆய்வகத்து வாசலில் கார் கதவைத் திறந்து பிடித்தபடி கணவர் கேட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

இருவருக்கும் பாறைகளின் வேதியியல்தான் தொழில். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய சண்டை இது. கடலுக்கு வெகு தொலைவில், நிலத்தின் நட்டநடுவில் ஓர் எரிமலை. என்றோ பூமிக்குள் அமிழ்ந்துபோன கடல்தரை உருகி, அதன் குழம்பில் கலந்து மேலே வந்திருக்கிறது என்பது அவள் கட்சி; அதனால்தான் அவர் வாயில் அவள் 'சமுத்திரம்'. கடலாவது மண்ணாங்கட்டியாவது, வரும் வழியில் நிலப்பாறையைக் கரைத்துக்கொண்டு வந்த குழம்பு அது என்பது அவர் கட்சி.

நிலப்பாறையைத் தொடும் முன்பே குழம்பில் முதன்முதலாக உறைந்த பச்சைப் படிகங்களின் ஆக்ஸிஜனை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். அதில் கடலின் தடம் இருந்தால் அவளுக்கு வெற்றி, இல்லாவிட்டால் அவருக்கு. தோற்றவர் நாளை நடக்கும் கருத்தரங்கில் எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். உருப்பெருக்கியில் கண் பதித்து, இடுக்கியால் படிகங்களை இருவரும் சேர்ந்தே பொறுக்கினார்கள். இயந்திர அறைக்குள் மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. போன தடவை பின்னால் நின்று பெருமூச்சு விட்டே அங்கே இயந்திரத்தை இயக்கிய பெண்ணை அழவைத்தவர்.

"வாயைத் திறயேன். அழுதியா?"

"தூசி."

"அந்த ரூம்ல ஏதும்மா தூசி? காத்தையே வடிகட்டித்தான் உள்ள விடறான்!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"இங்க பாரு. நான் தண்டோரா போடுவேன்னுதானே பயப்படற? மாட்டேன். ஒப்பந்தத்தைத் தூக்கிக் குப்பையில போடு. இன்னும் நாலு கல்லைச் சோதிக்கணும்னு நானே மேடையில சொல்லிடறேன்."

"வேணாங்க. பேச்சுன்னா பேச்சுதான்."

"வீம்பு பிடிக்காத. அத்தனை பேர் முன்னாடி என் பொண்டாட்டி தலைகுனிஞ்சு நிக்கறதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்க நிக்கறதைப் பாக்க எனக்கும்தான் தெம்பில்லீங்க. ஒரு படிகம் விடாம அத்தனையிலயும் கடல் இருக்கு."