காவலுக்கு நின்றவன்

பழைய செய்தித்தாளில் வந்த போர்க்களச் சித்திரம் ஒன்றை உலோகத் தகட்டில் அச்சடித்து வாங்கி, வாசற்கதவுக்கு நேரெதிரே மாட்டினோம். வரிசையாகக் கூடாரங்கள், இடது ஓரத்தில் துப்பாக்கியோடு காவல் நிற்கும் ஒரு சிப்பாய்.

அதற்கு முன் எங்கள் வீட்டில் தினமும் ஒரே சண்டைதான். வேலை முடிந்து வந்ததும் நான் தாழ்ப்பாள் போட மறந்துவிடுவேன். படம் வந்த பிறகு தாழ்ப்பாள் போடாமல் கதவு ஒரு நாளும் கிடந்ததில்லை. மனைவிதான் போடுகிறாள் என்று நானும், நான் திருந்திவிட்டேன் என்று அவளும் நிம்மதியாக இருந்தோம்.

அவளுடைய அக்கா வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு நேற்று மத்தியானம் திரும்பினோம். பூட்டைத் திறந்தேன். கதவு அசையவில்லை.

“உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. நீங்களா போட்டீங்க?”

“போட்டுட்டு நான் எப்படி வெளிய வந்தேனாம்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கதவைத் தட்டி, “நாங்கதாம்பா, திற” என்றாள்.

தாழ்ப்பாள் விலகியது. உள்ளே யாரும் இல்லை. படத்தில் சிப்பாய் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தன் இடத்துக்குப் போகிற வழியில் பாதி தூரத்தில் இருந்தான்.

“பாவம், மூணு நாளா ஒத்தை ஆளா நின்னிருக்கான்” என்று சொல்லி, அவள் மேஜை விசிறியைப் படத்தின் பக்கம் திருப்பி வைத்தாள்.