கேப்டன் எழுதிய வசனம்

தினேஷ்குமார் ஏழு மணிக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் காய்ச்சினான். நேற்றைய சாதத்தில் தயிரை ஊற்றி டப்பாவில் அடைத்தான். கம்பெனிச் சட்டையில் காலரை மட்டும் அயர்ன் செய்தான். மிச்சத்தை எவன் பார்க்கப்போகிறான்.

ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள்.

மாதேஸ்வரி நின்றிருந்தாள். அவன் மனைவி சுமலதாவின் அம்மா. கல்லாவியில் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும்.

போன கார்த்திகையில் மகளின் உடலை எடுத்த நாளுக்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை. மருமகனிடம் பேசியதும் இல்லை. மகள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவன் அவளுக்குச் சொல்லவில்லை. விடியற்காலையில், எல்லாம் முடிந்த பிறகுதான் போன் செய்தான்.

உட்காரச் சொன்னான். உட்காரவில்லை. கையிலிருந்த போனை நீட்டினாள்.

“ஊரே பாக்குது. நீங்களும் பாருங்க.”

பார்க்கத் தேவையில்லை. அவனே அதில் இருக்கிறான்.

லடாக்கில் ஓர் உப்பு வெளி. ட்ரோன் மேலே பறந்து எடுத்த வீடியோ. மோட்டார் சைக்கிள்கள் அரைவட்டமாக நிற்கின்றன. நடுவில் தினேஷ்குமார், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட விழாவில் பரிசுக்குக் காத்திருப்பவனைப் போல. பின்னால் புல்லாங்குழல். அதற்கு மேல் கேப்டனின் குரல்: “உயிர் பிரியும் நேரத்தில் சுமலதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த உப்பு வெளியை ஒரு முறை பார்க்க வேண்டும்.”

கேப்டன் என்றால் ராணுவம் இல்லை. சௌந்தரராஜன், அவன் கம்பெனியில் கொள்முதல் பிரிவு மேலாளர். வருடத்துக்கு ஒரு தடவை தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓசூரிலிருந்து ஆள் திரட்டி மலைக்கு ஓட்டிப்போவார். வழிகாட்டியுடன் சாகசப் பயணம் என்று பெயர். வழியை உள்ளூர்க்காரன் ஒருவன் காட்டினான். கேப்டன் முகத்தைக் காட்டினார்.

சாகசத்துக்குப் பின்னால் ஒரு வேன் வரும். அதில் மெக்கானிக், ஆக்ஸிஜன் சிலிண்டர், புளியோதரைப் பொடி, கேப்டனின் தலையணை.

கணவாய் உச்சியில் மூச்சு முட்டிச் சிலர் வாந்தியெடுத்தார்கள். மற்றவர்கள் வாழ்க்கை என்றால் என்னவென்று புரிந்துகொண்டார்கள். அன்று மாலையே வெந்நீர் வரவில்லை என்று விடுதிக்காரனோடு சண்டை போட்டார்கள்.

உப்பு வெளியும் அந்த லட்சணம்தான். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அவன் வாடகை வீட்டுச் சுவர்களில் பூக்கிற அதே உப்பு. இங்கே சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அங்கே மண்டியிட்டுத் தொட்டு, ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அவன் ஏன் போனான்? ஒரு மாறுதலாக இருக்கும் என்று ஆபீசில் ஆளாளுக்குச் சொன்னார்கள். மாட்டேன் என்பதற்கு நிறையப் பேச வேண்டியிருந்தது. சரி என்பதற்குத் தலையை ஆட்டினால் போதும்.

அந்த வசனமும் தலையாட்டலில் பிறந்ததுதான். கூடாரத்துக்கு வெளியே தீ மூட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு சோகம் சொல்ல வேண்டும் என்று பயணத் திட்டத்திலேயே இருந்தது. ஒருவர் தன் பதவி உயர்வு தள்ளிப்போன கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் அவர் முதுகைத் தட்டினார்கள். அடுத்தது தினேஷ்குமார்.

“கடைசியா என்ன சொன்னாங்க தம்பி? இந்த மாதிரி எடமெல்லாம் பாக்கணும்னு ஆசைப்பட்டிருப்பாங்கல்ல?” என்று கேட்டார் கேப்டன்.

சுமலதா சொன்னதை இந்தக் கூட்டத்துக்கு நடுவே எடுத்து வைக்க அவனுக்கு மனமில்லை. குளிர் வேறு. தலையை ஆட்டிவைத்தான்.

கேப்டனுக்கு அது போதுமாக இருந்தது.

மாதேஸ்வரி போனை அணைத்து இடுப்பில் செருகினாள்.

“தோ இருக்கற ஊத்தங்கரை போறதுக்குள்ள ரெண்டு வாட்டி வாந்தியெடுக்கிற புள்ள. அது லடாக்கு கேட்டுச்சா? பக்கத்து வூட்டு நாராயணம்மா கேக்கறா, ஏன்டி, சாவறப்பகூட உம்பொண்ணுக்கு உப்பு நெனப்புதானா, பெத்தவ நெனப்பு வரலியான்னு. நான் இன்னான்னு சொல்றது?”

உடலை எடுத்த அன்று அவள் “பாவி, ஒரு போன் பண்ணக்கூடாதா” என்று எல்லோர் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது அவன் காரணம் சொல்லவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை.

“அந்த ஆளு ஆயிரம் சொல்லட்டும், அத வுடுங்க.” அவள் குரல் இறங்கிவிட்டது. “நீங்கதான் கூட இருந்தீங்க. எம்புள்ள என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுச்சா, இல்லியா? இல்லைன்னாலும் இல்லைன்னு சொல்லிடுங்க. நான் போயிடறேன்.”

பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப்போனது.

“சொல்லுச்சு அத்தை,” என்றான்.

மாதேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

டெங்கு. சேர்த்த அன்று நள்ளிரவில், ரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கியதும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போவதற்கு முன்னால், கதவருகில், அவன் போனை எடுத்தான். சுமலதா அதைப் பார்த்துவிட்டாள். திரையில் அவள் அம்மாவின் பெயர். ஆக்ஸிஜன் முகமூடியைத் தானே கையால் விலக்கினாள்.

அவள் சொன்னதை அவன் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னான்.

“வேணாம். இந்நேரத்துக்கு அம்மாவ எழுப்பாத, பயந்துக்கும். விடியட்டும். நானே பேசறேன்.”