இருபத்துமூன்று கைகள்

ஐந்தாவது மாடியிலிருந்து படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார் செக்கர்.

முட்டி வலியில் உயிர் போனது. போனால் போகட்டும். பதினோரு மணிக்குக் கீழே கார் நிறுத்தும் தளத்தின் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு தூக்குகிற கைக்கு மதிப்பில்லை.

"மெதுவா இறங்குங்க! விழுந்து வச்சா யாரு தூக்குறது?"

மனைவியின் குரல் மேலிருந்து துரத்தியது. தலைவலி என்று சொல்லி அவள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு வரவில்லை.

லிஃப்ட்டில் மூன்று வாரமாகப் 'பழுது' அட்டை தொங்குகிறது. அந்த லிஃப்ட்டுக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம்.

குடிவந்தபோது எண்ணூறு. பிறகு ஆயிரத்தைந்நூறு. இப்போது மூவாயிரம். அதை ஐயாயிரமாக்க இன்றைக்குத் தீர்மானம்.

எதற்காம்? வாசலில் ஒரு நாளைக்கு எட்டு நிமிடம் மட்டும் பீச்சுகிற நீரூற்றுக்கு. எவரும் ஏறாத உடற்பயிற்சி சைக்கிளுக்கு. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாடகை கட்டுகிற கூத்து.

ஐயாயிரம் என்றால் அவருடைய ஓய்வூதியம் மல்லாந்துவிடும். வீட்டை விற்றுவிட்டு எங்கேயாவது ஒண்டவேண்டியதுதான்.

விடக்கூடாது.

முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்த ஆசாமி. தலையை எண்ணுவதற்குச் சொல்லித்தர வேண்டுமா? பத்து நாளாகக் கதவு கதவாகத் தட்டினார். வாடகைக்காரர்களைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் ஒதுக்கினார். பத்திரத்தில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் ஓட்டு.

மொத்தம் நாற்பத்தெட்டு வீடு. ஒன்று பூட்டியே கிடக்கிறது. கட்டண உயர்வுக்கு எதிராக, அவரையும் சேர்த்து இருபத்துமூன்று. ஆதரவாக இருபத்துநான்கு.

ஆனால் அந்த இருபத்துநான்கில் ஒன்று டிக்கெட் இல்லாத பயணி. அது அவருக்கு மட்டும் தெரியும். சமமாக வந்தால் தீர்மானம் செல்லாது.

காவலாளி ஷட்டரில் கைவைத்த நொடியில் உள்ளே புகுந்தார்.

"வாங்க செக்கர் சார், கடைசி பஸ்ஸைப் பிடிச்சிட்டீங்க!" யாரோ சொல்ல, பிளாஸ்டிக் நாற்காலிகள் சிரிப்பில் குலுங்கின.

செயலாளர் மருந்துக்கடைக்காரர். மாத்திரைப் பட்டையை எண்ணுவதுபோலக் கைகளை எண்ணினார். எதிராக இருபத்துமூன்று. ஆதரவாக இருபத்துநான்கு.

செக்கர் எழுந்தார்.

"முதல் வரிசையில ஒரு கை செல்லாது."

செயலாளர் சட்டென்று அருகே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சார், இதைக் கிளறாதீங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன், விட்டுடுங்க."

பயப்படுகிறார் என்று செக்கருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பல் டாக்டரைக் கேளுங்க, வீடு யார் பேர்ல இருக்குன்னு. மாமியார் பேர்ல! அவங்களுக்குப் பதிலா ஓட்டுப் போட அவங்க கொடுத்த கடிதம் இருக்கா? இல்லை. அப்புறம் எப்படி இவர் கை எண்ணிக்கையில வரும்? நீங்க பல்லைப் பிடுங்குங்க டாக்டர், எங்க பாக்கெட்டை விட்டுடுங்க!"

கைதட்டல் தூண்களில் மோதித் திரும்பியது. பல் டாக்டர் முகம் சுண்டிப்போய்க் கையை இறக்கினார்.

இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று.

ஜெயித்தாயிற்று! மேலே போய் அவளிடம் சொல்லவேண்டும். தலைவலி பறந்துவிடும்.

"அப்போ எல்லார் பத்திரத்தையும் பாருங்க." பல் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "முதல்ல இவரோடதைப் பாருங்க!"

"தாராளமா!" என்றார் செக்கர்.

செயலாளர் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அஞ்சாவது மாடி, சி வீடு... பத்திரம் உங்க வீட்டம்மா பேர்லதான் சார் இருக்கு."

செக்கருக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன், கல்யாண நாள் பரிசு என்று அவரே பிடிவாதமாக அவள் பெயரில் எழுதியது. ஊரார் டிக்கெட்டையெல்லாம் வாங்கிப் பார்த்தவர், தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கவில்லை.

"சரி, என் கை செல்லாது. மேல போய் அவகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வர எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

"அவங்க ஏற்கனவே கடிதம் கொடுத்திருக்காங்க சார்." செயலாளர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "தீர்மானத்துக்கு ஆதரவா. நேத்தே கொடுத்துட்டாங்க. தேவைப்படாம போயிடும்னுதான் பையிலேயே வச்சிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.

ஆதரவாக இருபத்துநான்கு. எதிராக இருபத்திரண்டு. அதை யாரும் வாய்விட்டு எண்ணவும் இல்லை.

அவளா? தினமும் ஜன்னலில் நின்று அந்த நீரூற்றைக் கரித்துக்கொட்டுகிறவளா?

செயலாளர் கடிதத்தைப் படிக்கவில்லை. நாலாக மடித்த காகிதத்தை அப்படியே அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

தூணுக்குப் பின்னால் போய்ப் பிரித்தார். மளிகைப் பட்டியல் எழுதுகிற அதே சாய்ந்த கையெழுத்து.

'எங்கள் வீட்டின் பதினோரு மாதக் கட்டணப் பாக்கியைத் திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து ஒட்டவேண்டாம். என் ஓட்டை உங்களுக்கே போடுகிறேன். வளையலை விற்றுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, "கட்டியாச்சு" என்று அவர் என்னிடம் சொல்கிறார். நானும் சரி என்கிறேன்.

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியவேண்டாம்.'