ஒரே பேர்

வளைகுடா நகரத்தின் ரோலா பகுதி வங்கிக் கிளையில் சோலைமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த கடைக்காரர் ஹசன் அலி மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"ரிட்டயர்மென்டா அண்ணே?"

"ஆமா பாய், அடுத்த மாசம். இருபத்திரண்டு வருஷமா கம்பெனியில பிடிச்சு வச்ச பணம். தனிக் கணக்குக்கு மாத்த வந்தோம்."

"வீட்டம்மா பேரும் சேர்த்துத்தானே?"

"இல்ல, ஒரே பேர்தான் போடணும். ஊர்லேர்ந்து தம்பி காலையில இருந்தே போன் பண்றான். வீடு கட்டப் பணம் வேணுமாம்."

"அதுக்காக? நாளைக்கு அவங்களுக்குன்னு ஒண்ணு வேணாமா?" ஹசன் அலியின் குரல் கடுமையானது.

சோலைமுத்து வாய் திறப்பதற்குள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து, ஆஸ்பத்திரித் துப்புரவுச் சீருடையோடு நாகவள்ளி எழுந்து கவுண்டருக்குப் போனாள். படிவத்தைக் கையில் வாங்கியவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க பேரையும் சேர்க்கச் சொல்லவா?"

சோலைமுத்து பதறி எழுந்து ஓடினார்.

"வேணாம் வள்ளி! நீ உழைச்ச காசு. எம்பேர் இருந்தா, தம்பி அழுதான்னா எடுத்துக் குடுத்துருவேன். என்னை நம்பாதே."

"இதை நீங்களே சொல்லணும்னுதான் கேட்டேன்" என்றபடி, நாகவள்ளி தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.