சேவ் செய்த பாட்டுகள்

“உனக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய கீபோர்டு? பட்டனைத் தட்ட ஒரு விரல் போதுமே!” என்று கீபோர்டு வாசிக்கும் ஜெரோமிடம் கேட்டார் சர்ச் பாடற்குழுத் தலைவர் ஆபிரகாம்.

ஜெரோம் நாற்பது பாட்டுகளை வாசித்து, கீபோர்டிலேயே பதிந்து சேவ் செய்து வைத்திருந்தார். ஒரு வருடமாகப் பூசைதோறும் அவற்றைத்தான் ஓடவிட்டார்.

“வாசிச்சவரு அவருதானேண்ணே!” என்றாள் மனைவி செசிலியா.

“அவனைக் கேட்டா நீ இன்னாத்துக்குப் பதில் சொல்றே? இன்னிக்கு ஒத்திகையில கையால வாசிக்கட்டும். இல்லாங்காட்டி வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

ஜெரோமுக்குப் பதிலாக வாய் திறப்பது எப்போதும் செசிலியாதான். புருசனைப் பேசவிடாத அடங்காப்பிடாரி என்று குப்பமே சொன்னது. அவள் கலங்கிய முகத்தோடு கணவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் கண்களை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

குழுவும் சேர்ந்து பாடியது. ஒரு சுரம் பிசகவில்லை.

“கில்லாடிப்பா! இத்தை வெச்சிக்கினு ஏன்யா பட்டனைத் தட்டினே?” என்று ஆபிரகாம் சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது. கீபோர்டு அடங்கியது. பாட்டும் நின்றது.

ஜெரோமின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. மூடிய கண் மூடியபடியே வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆபிரகாம் செசிலியாவைத் திரும்பிப் பார்த்தார்.

“மீன்பிடி போட்டுல இன்ஜின் பக்கத்துலயே பதினஞ்சு வருசம் குந்தினாருண்ணே,” என்றாள் அவள். “காது சுத்தமா போறதுக்குள்ள எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சாரு.”

ஜெரோம் கடைசிச் சுரம்வரை வாசித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

“சத்தம் ஜாஸ்தியா வெச்சிட்டேனாண்ணே?” என்றார்.